வீட்டில் மராமத்து, கூடத்தில் நாலடி மீன் தொட்டி: என்ன செய்வது?

கூடத்தில் டைல்ஸ் மாற்றுவது, சுவருக்குப் பட்டி பார்த்துப் பெயின்ட் அடிப்பது, பழைய ஷோகேஸை எடுத்துவிட்டு டி.வி. யூனிட் போடுவது என்று முடிவானபோது, வீட்டில் எல்லாரும் சோபாவையும் பீரோவையும் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தோம். அளவெடுக்க வந்த மேஸ்திரி டேப்பை இழுத்துக்கொண்டே மூலைக்குப் போய் நின்றார். “சார், இத என்ன பண்றது?”

அங்கே நிற்பது 4 அடி நீளம், ஒன்றரை அடி அகலம், 2 அடி உயரத்தில் ஒரு மீன் தொட்டி. உள்ளே இரண்டு ஆஸ்கர், நான்கு சில்வர் டாலர், ஒரு சக்கர். நங்கநல்லூரில் இரண்டாவது மாடியில் இருக்கும் எங்கள் ஃபிளாட்டிலிருந்து குரோம்பேட்டையில் அக்கா வீட்டுக்குக் கொண்டுபோய், ஏழு வாரத்துக்கு மேல் அங்கே வைத்திருந்து திரும்பக் கொண்டுவந்தேன். மீன் ஒன்றும் சாகவில்லை. ஆனால் சாகாமல் தப்பித்ததில் என் சாமர்த்தியத்தைவிட அதிர்ஷ்டத்துக்குத்தான் பங்கு அதிகம். நான் பட்ட பாடு உங்களுக்கு வேண்டாம், அதனால் எழுதுகிறேன்.

1. நகர்த்தியே ஆகவேண்டுமா?

பக்கத்து அறையில் மட்டும் வேலை என்றால் வேண்டாம். கூடத்தில் வெறும் பெயின்ட் வேலைதான், தண்ணீரில் கரைக்கும் எமல்ஷன்தான் என்றாலும் சமாளிக்கலாம். தொட்டியைச் சுற்றிப் பிளாஸ்டிக் ஷீட்டைத் தொங்கவிட்டு, ஏர் பம்ப்பை வேறு அறையில் வைத்து நீளமான டியூப் போட்டு இழுத்துக்கொள்ளுங்கள். இந்த டியூப் விஷயம் முக்கியம். ஏர் பம்ப் அறையின் காற்றை உறிஞ்சித்தான் தண்ணீருக்குள் விடுகிறது. அறையில் தின்னர் வாடை இருந்தால் அதே வாடைதான் உள்ளே போகும்.

தொட்டி நிற்கும் அறையிலேயே தரை உடைப்பது, டைல்ஸ் வெட்டுவது, சுவரில் காடி வெட்டி வயரிங் செய்வது, மரத்துக்கு பி.யு. பாலிஷ் அடிப்பது, கரையான் மருந்து அடிப்பது ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் நகர்த்திவிடுங்கள். சிமென்ட் தூசி தண்ணீரில் விழுந்தால் பி.எச்., அதாவது காரத்தன்மை, ஏறும். பூச்சி மருந்துகளில் பைரித்ராய்டு வகை மனிதனுக்கு அவ்வளவு செய்யாது, மீனுக்கு மிகச் சிறிய அளவே விஷம். “மூடி போட்டு வச்சிக்கலாம் சார்” என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள்.

2. எடையைக் கணக்குப் போடுங்கள்

ஒரு கன அடி தண்ணீர் 28.3 லிட்டர். என் தொட்டி 12 கன அடி, விளிம்புவரை நிரப்பினால் சுமார் 340 லிட்டர், அதாவது 340 கிலோ. கண்ணாடி தனி. சதுர மீட்டருக்கு, ஒவ்வொரு மி.மீ. கனத்துக்கும் இரண்டரைக் கிலோ என்று வையுங்கள். 10 மி.மீ. கண்ணாடியில் செய்த என் தொட்டி வெறுமனே 65 கிலோ வந்தது. இதில் மணல், கல், இரும்பு ஸ்டாண்ட் சேர்த்தி இல்லை.

இந்தக் கணக்கு இரண்டு இடத்தில் உதவும். ஒன்று லிஃப்ட். 6 பேர் லிஃப்ட் என்றால் 408 கிலோ. காலித் தொட்டியோடு நாலு ஆள் ஏறினால் எடை தாங்கும், ஆனால் தொட்டி உள்ளே நுழையவேண்டுமே. லிஃப்டின் உள் ஆழத்தை முன்கூட்டியே டேப் வைத்துப் பாருங்கள். எங்கள் லிஃப்டில் 4 அடி படுக்கைவாட்டில் போகவில்லை. செங்குத்தாக நிறுத்திக் கொண்டுபோகலாம் என்று ஒருவர் யோசனை சொன்னார். ஒட்டின கண்ணாடியை அப்படி நிறுத்தாதீர்கள், மூலை ஒட்டெல்லாம் திருகும். படிக்கட்டு வழியாகத்தான் இறக்கினோம்.

இன்னொன்று, போகிற வீட்டின் தரை. முதலில் திருவல்லிக்கேணியில் மாமா வீட்டு மாடியில் வைக்கலாம் என்று நினைத்தேன். பழைய மெட்ராஸ் டெரஸ் வீடு, மர உத்திரத்தின்மேல் செங்கல் அடுக்கிய தளம். அந்த யோசனையை அப்போதே விட்டுவிட்டேன். தரைத்தளம் கிடைத்தால் அதுதான் நல்லது. மாடிதான் என்றால் சுவரோரம், பீம் ஓடும் பக்கமாக வையுங்கள், அறை நடுவில் வேண்டாம்.

3. எங்கே, எதில் வைப்பது

மூன்று வழி உண்டு. அதே தொட்டியைத் தூக்கிக்கொண்டு போய் அங்கே நிரப்பலாம். தொட்டியை வேறு எங்காவது காலியாகப் போட்டுவிட்டு மீன்களை மட்டும் பிளாஸ்டிக் தொட்டியில் வைக்கலாம். அல்லது மீன் கடையில் ஒப்படைக்கலாம். கொளத்தூரில் வழக்கமாக வாங்கும் கடைக்காரர் இருந்தால் வாரத்துக்கு இவ்வளவு என்று பேசிப் பாருங்கள், சிலர் சம்மதிப்பார்கள். புதுச் சரக்கு வந்து போகிற இடம் என்பதால் நோய் ஒட்டும் ஆபத்து உண்டு. எனக்கு மனசு வரவில்லை.

நான் இரண்டாவது வழியில் போனேன். அக்கா வீட்டுக் கார் ஷெட்டின் உள்மூலையில், வெயில் படாத இடத்தில், வாய் அகன்ற 400 லிட்டர் பிளாஸ்டிக் தொட்டி ஒன்று. கண்ணாடித் தொட்டியை நிரப்பி வடிக்கும் வேலை ஒருமுறை குறைந்தாலே பாதித் தலைவலி தீரும். அழகு போய்விடும், மேலிருந்து முதுகைத்தான் பார்க்கமுடியும், பரவாயில்லை. வாங்கியதும் ஒருநாள் நிரப்பி ஊறவைத்துக் கொட்டிவிடுங்கள், புதுப் பிளாஸ்டிக் வாடை போகும். சிமென்ட், பெயின்ட், ஆசிட் எதுவும் வைத்திருந்த பழைய டிரம் எவ்வளவு கழுவினாலும் வேண்டாம்.

மேலே வலை கட்டாயம். ஆஸ்கர் துள்ளும், கார் ஷெட்டுக்குப் பூனை வரும்.

4. காகித வேலை

மீன் தொட்டிக்கு என்ன காகிதம் என்று சிரிக்காதீர்கள், எனக்கு அரை நாள் இதில்தான் போனது.

அசோசியேஷனுக்கு வேலை தொடங்கும் கடிதம் எப்படியும் கொடுப்பீர்கள். எந்தத் தேதியிலிருந்து எதுவரை, எத்தனை ஆட்கள், என்ன வேலை என்று எழுதும் அதே கடிதத்தில், தொட்டி வெளியே போகும் தேதியையும் திரும்ப வரும் உத்தேசத் தேதியையும் சேர்த்துவிடுங்கள். நான் சேர்க்கவில்லை. குட்டி யானை வாசலில் நிற்கிறது, செக்யூரிட்டி கேட் பாஸ் கேட்கிறார், செயலாளர் நடைப்பயிற்சிக்குப் போயிருக்கிறார், மீன்கள் வாளியில். நாற்பது நிமிடம். முன்பணமாக அசோசியேஷன் வாங்கும் தொகைக்கு ரசீது வாங்குங்கள், படிக்கட்டில் ஏற்கெனவே உடைந்திருக்கும் டைல்ஸைப் போட்டோ எடுத்து வையுங்கள்.

வாடகை வீடாக இருந்தால் வீட்டுக்காரரிடம் வாட்ஸப்பிலாவது எழுத்தில் சம்மதம் வாங்குங்கள். நீங்கள் தற்காலிகமாகப் போகும் வீடும் வாடகை என்றால் அங்கேயும்தான். தண்ணீர் கசிந்து கீழ்வீட்டுக் கூரை ஊறினால் யார் பொறுப்பு என்பதை முன்னமே பேசிக்கொள்வது நல்லது.

ஆசிய அரோவானா வளர்ப்பவர்களுக்குத் தனியாக ஒன்று. அது அழியும் நிலையில் உள்ள உயிரினங்களுக்கான சர்வதேச வணிகக் கட்டுப்பாட்டுப் பட்டியலின் (CITES) முதல் இணைப்பில் உள்ள மீன். 2024 பிப்ரவரி இறுதியில் மத்திய அரசு கொண்டுவந்த விதிகளின்படி, அப்படிப்பட்ட உயிரினத்தை வைத்திருப்பவர்கள் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் இணையதளத்தில் பதியவேண்டும். பதிவுச் சான்றும் வாங்கிய பில்லும் கையில் இல்லாமல் வண்டியில் ஏற்றாதீர்கள். அதை வேறொருவர் பொறுப்பில் விடுவதற்கு முன்னால் வனத்துறையிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

5. நாள் குறிப்பது

மேஸ்திரி சொன்னது 20 நாள். ஆனது 47 நாள். இதில் அவரை மட்டும் குறை சொல்ல முடியாது, டைல்ஸ் ஒரு பெட்டி குறைந்தது, தச்சர் ஊருக்குப் போய்விட்டார், எங்கள் வீட்டிலேயே நடுவில் நிறத்தை மாற்றினார்கள். அவர் சொல்வதை இரண்டால் பெருக்கி, அத்தனை நாள் மீன் தங்குவதற்கு ஏற்பாடு செய்யுங்கள்.

சென்னையில் இதற்குத் தோதான காலம் பொங்கல் முடிந்து மார்ச் நடுவரை. அக்டோபரிலிருந்து டிசம்பர்வரை மழை, பட்டியும் பெயின்ட்டும் காயாது, வேலை இழுக்கும். ஏப்ரல், மே மாதத்தில் தண்ணீர் சூடேறும். சூடான தண்ணீரில் ஆக்சிஜன் குறைவு. அதுவும் அக்னி நட்சத்திரத்தில் கார் ஷெட்டில் வைத்துவிட்டு நிம்மதியாகத் தூங்க முடியாது.

நாளில் விடிகாலை நல்லது. ஐந்தரைக்குத் தொடங்கினால் வெயில் ஏறுவதற்குள் முடித்துவிடலாம்.

6. இரண்டு வாரம் முன்பே செய்யவேண்டியது

இதை மட்டும் நான் சரியாகச் செய்தேன், அதனால்தான் இன்றைக்கு மீன்கள் இருக்கின்றன.

மீன் கழிவிலிருந்து வரும் அம்மோனியாவை நைட்ரைட்டாகவும், பிறகு நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியா பெரும்பாலும் ஃபில்டருக்குள்தான் ஒட்டிக்கொண்டு வாழ்கிறது. தண்ணீரில் மிதப்பது சொற்பம். புதுத் தொட்டியில் அது வளர்ந்து நிலைக்க நாலு முதல் ஆறு வாரம் ஆகும். அதுவரை மீன் தன் கழிவிலேயே நிற்கவேண்டியதுதான். எனவே பாக்டீரியாவை முன்னாடியே வளர்த்துக் கையோடு கொண்டுபோகவேண்டும்.

இரண்டு பெரிய ஸ்பாஞ்ச் ஃபில்டர் வாங்கி, ஓடிக்கொண்டிருக்கும் பழைய தொட்டிக்குள்ளேயே போட்டு இரண்டு வாரம் ஓடவிடுங்கள், மூன்று வாரம் என்றால் இன்னும் நல்லது. ஸ்பாஞ்ச் பழுப்பேறி, தொட்டால் வழவழப்பாக இருக்கும். பார்க்க அழுக்கு போலிருக்கும். வீட்டில் உதவி செய்கிற யாராவது குழாயடியில் பிழிந்து கழுவிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள், குழாய்த் தண்ணீரில் குளோரின் இருந்தால் பாக்டீரியா போய்விடும்.

இன்னொரு வேலை, இரண்டு வீட்டுத் தண்ணீரிலும் கரைந்திருக்கும் உப்பின் அளவை டி.டி.எஸ். மீட்டர் வைத்துப் பார்ப்பது. எங்கள் வீட்டில் 450. அக்கா வீட்டு போர் தண்ணீர் 1,100. இவ்வளவு வித்தியாசத்தில் மீனை நேரடியாகப் போட்டால் தாங்காது. வாட்டர் கேன் போடும் தம்பியிடம் 20 லிட்டர் காலிக் கேன் எட்டு வாங்கி, 160 லிட்டர் பழைய தண்ணீரை எடுத்துப் போனேன். பிளாஸ்டிக் தொட்டியில் பாதிக்கும் குறைவுதான் அது. மீதியை அடுத்த பத்து நாளில் கொஞ்சம் கொஞ்சமாக போர் தண்ணீரால் நிரப்பினேன்.

7. மாற்றும் நாள்

முந்தின இரண்டு நாள் இரை போடாதீர்கள். வளர்ந்த மீனுக்கு ஒன்றும் ஆகாது, வழியில் தண்ணீரை அசுத்தம் செய்வது குறையும்.

வரிசை இப்படி: முதலில் மேலாகத் தெளிந்திருக்கும் தண்ணீரைக் கேன்களில் பிடியுங்கள். கல், கட்டை எல்லாவற்றையும் எடுங்கள். தண்ணீர் அரை அடிக்கு வந்ததும் மீன் பிடியுங்கள். முழுத் தொட்டியில் வலையை வைத்துக்கொண்டு துரத்தினால் உங்களுக்கும் மீனுக்கும் மூச்சு வாங்கும். மணலை மீன் இருக்கும்போது கிளறவே கூடாது, அடியில் தேங்கிய கசடும் கெட்ட வாயுவும் கிளம்பும்.

சின்ன மீன்களுக்கு ஆக்சிஜன் கவர் நல்லது, பக்கத்து மீன் கடையில் சொன்னால் வந்து அடைத்துக் கொடுப்பார்கள். சக்கருக்குக் கவர் சரிப்படாது, துடுப்பு முள் குத்திக் கிழித்துவிடும். அதையும் ஆஸ்கரையும் மூடியில் துளை போட்ட பெரிய வாளிகளில், ஆளுக்கொரு வாளியாக, பேட்டரி ஏர் பம்ப்போடு ஏற்றினேன். வாளியைச் சுற்றி இருட்டாகத் துணி போட்டால் அடங்கி இருக்கும்.

வாகனம் குட்டி யானை போதும். தொட்டியைத் தூக்கும் ஆட்களிடம் மூன்று விஷயம் சொல்லுங்கள்: உள்ளே ஒரு சொட்டுத் தண்ணீரும் மணலும் இருக்கக் கூடாது, மேல் விளிம்பில் ஒட்டியிருக்கும் கண்ணாடிப் பட்டியைப் பிடித்துத் தூக்கக் கூடாது, அடியில் கை கொடுத்துத்தான் தூக்கவேண்டும். “கொஞ்சம் தண்ணிதானே சார், அப்டியே தூக்கிடலாம்” என்றார் ஒருவர். நாலு அங்குலத் தண்ணீரே என் தொட்டியில் 57 லிட்டர், அது ஒரு பக்கமாகச் சாய்ந்து அடித்தால் அடிக்கண்ணாடி விரியும்.

அங்கே போனதும் வாளித் தண்ணீரில் புதுத் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்து, அரை மணிக்குள் மீனை மட்டும் எடுத்து விடுங்கள். கவரில் வந்தவற்றை இன்னும் சீக்கிரம். மூடிய கவரில் மீன் விடும் கரியமில வாயு பி.எச்.சைக் குறைத்து அம்மோனியாவின் கடுமையை அடக்கி வைத்திருக்கும். கவரைப் பிரித்ததும் பி.எச். ஏறும், அம்மோனியா விஷமாகும். வழித் தண்ணீரை உள்ளே ஊற்றவேண்டாம்.

அன்றிரவு ஒன்பது மணிக்கு அக்கா போன். “டேய், பெரிய மீனு செத்துப் போச்சுடா. சாஞ்சு கெடக்கு.” அடித்துப் பிடித்துப் போனேன். பெரிய ஆஸ்கர் தொட்டியின் அடியில் பக்கவாட்டில் படுத்திருந்தது, நிறம் வெளுத்து. டார்ச் அடித்தேன். கண் மட்டும் மெதுவாகத் திரும்பி என்னைப் பார்த்தது. செவுள் ஒழுங்காக அசைந்துகொண்டிருந்தது. இடம் மாற்றினால் ஆஸ்கர் இப்படிக் கோபித்துக்கொண்டு படுப்பது வழக்கம்தான். தொடாமல் விட்டேன். மூன்றாம் நாள் அக்கா மகன் கையிலிருந்து மண்புழு வாங்கித் தின்றது.

8. கேனிஸ்டர் ஃபில்டர்: நான் செய்த தப்பு

கேனிஸ்டர் என்பது தொட்டிக்கு வெளியே நிற்கும் பெரிய ஃபில்டர். அதன் உள்ளே பாக்டீரியா ஒட்டி வளர்வதற்காகப் போட்டிருந்த செராமிக் வளையம், பயோ பால் எல்லாவற்றையும் (இவற்றைத்தான் மீடியா என்பார்கள்) தொட்டித் தண்ணீரோடு ஒரு பெயின்ட் வாளி அளவுள்ள வாளியில் போட்டு, வண்டியில் சிந்தக் கூடாதென்று மூடியை அழுத்தி மூடினேன். ஈரமாக இருக்கவேண்டும் என்பது தெரியும். காற்று வேண்டும் என்பது அந்த அவசரத்தில் மறந்துபோனது. மறுநாள் மாலைதான் திறந்தேன். அழுகின முட்டை நாற்றம். சில மணி நேரம் ஓட்டம் நின்றாலே உள்ளே ஆக்சிஜன் தீர்ந்து பாக்டீரியா சாக ஆரம்பித்துவிடும். அப்படிக் கெட்டதைத் தொட்டியில் போட்டால் மீனும் போகும். மூன்று வருடம் வளர்ந்த சொத்து, தோட்டத்தில் கொட்டினேன்.

நீங்கள் மூடியைத் திறந்து வையுங்கள், உள்ளே ஒரு ஏர் ஸ்டோன் (காற்றுக் குமிழி விடும் கல்) போட்டு ஓடவிடுங்கள், போய்ச் சேர்ந்த முதல் மணி நேரத்துக்குள் ஃபில்டரை மாட்டி ஓட்டிவிடுங்கள். மீனை இறக்குவதற்கு முன்னாடியே செய்தாலும் தப்பில்லை.

என்னிடம் மிஞ்சியது இரண்டு ஸ்பாஞ்ச். அவை முழுச் சுமையையும் தாங்கவில்லை. நாலாம் நாள் அம்மோனியா 0.5, ஆறாம் நாள் 1 காட்டியது. பத்து நாள் அலுவலகம் முடிந்து நேராகக் குரோம்பேட்டைக்குப் போய்க் கால் பங்குத் தண்ணீர் மாற்றினேன். இரையை ஒன்றுவிட்ட நாளாகக் குறைத்தேன். மூன்றாவது வாரம்தான் அளவு பூஜ்யத்துக்கு வந்தது. சோதனை கிட் வாங்காமல் இருந்திருந்தால் தெரிந்தே இருக்காது, தண்ணீர் கண்ணாடி மாதிரிதான் இருந்தது.

9. காலித் தொட்டி

கழுவிக் காயவைத்து, பழைய கம்பளி சுற்றி, சமதளத்தில் தெர்மோகோல்மேல் வைத்துவிடுங்கள். சுவரில் சாய்த்து வைக்கவேண்டாம். அதன்மேல் வேறு சாமான் வைக்க விடாதீர்கள். கொத்தனாருக்கு எந்தத் தட்டையான இடமும் மேஜைதான். சோப்பு, பினாயில் கூடாது, உப்புக்கறைக்கு வினிகர் போதும்.

வாரக்கணக்கில் காய்ந்து கிடந்த தொட்டி திரும்ப நிரப்பும்போது கசியலாம். என்னுடையது பின்மூலையில் கசிந்தது. சிலிகான் வாங்கும்போது மீன் தொட்டிக்கு என்று கேட்டு வாங்குங்கள். குளியலறைக்கு வருகிற, பூஞ்சை பிடிக்காத சிலிகானில் மருந்து கலந்திருக்கும்.

10. வேலை நடக்கும்போதே கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்

எலெக்ட்ரீஷியன் இருக்கிறார், சுவர் திறந்திருக்கிறது. தொட்டி நிற்கப் போகும் இடத்தில், பின்னால் இல்லாமல் பக்கவாட்டில், தனி ஸ்விட்ச்சோடு மூன்று நான்கு பிளக் பாயின்ட் வைக்கச் சொல்லுங்கள். ஒன்றாவது இன்வெர்ட்டர் லைனில் இருக்கட்டும். இதற்கு எனக்குத் தனிச் செலவே ஆகவில்லை. பத்து வருடமாக எக்ஸ்டென்ஷன் பாக்ஸோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன்.

11. திரும்பக் கொண்டுவருவது

கடைசிக் கோட் பெயின்ட் அடித்த மறுநாளே கொண்டுவராதீர்கள். ஒரு வாரம் ஜன்னலைத் திறந்துபோட்டு, வீட்டுக்குள் நுழைந்ததும் வாடை வராத நாளில் கொண்டுவாருங்கள். என் விஷயத்தில் எல்லாம் தயாரான நாளில், தச்சர் புதுப் பிளைவுட்டின் பின்புறம் கரையான் மருந்து அடித்துவிட்டார், என்னிடம் கேட்கவில்லை. பத்து நாள் தள்ளிப்போட்டேன். மருந்து எதுவும் அடிப்பதென்றால் சொல்லிவிட்டு அடியுங்கள் என்று முதல் நாளே எல்லாரிடமும் சொல்லி வையுங்கள்.

புது டைல்ஸ்மேல் முழு எடையை எப்போது ஏற்றலாம் என்று டைல்ஸ் பதித்தவரிடம் கேளுங்கள். தட்டிப் பார்த்து வெற்றுச் சத்தம் வரும் டைல்ஸ்மேல் ஸ்டாண்டின் கால் நிற்கக் கூடாது. ரசமட்டம் வைத்து நீளவாட்டிலும் அகலவாட்டிலும் பாருங்கள். பழைய தரையில் சரியாக நின்ற ஸ்டாண்ட் புதுத் தரையில் ஆடும். தொட்டிக்கு அடியில் புதுத் தெர்மோகோல் ஷீட் போடுங்கள்.

பிறகு நிரப்பி, 24 மணி நேரம் மீனில்லாமல் விடுங்கள். சுற்றிலும் செய்தித்தாள் விரித்து வைத்தால் எங்கே கசிந்தாலும் நனைந்து காட்டிக்கொடுக்கும். அப்புறம் குளோரின் நீக்கும் மருந்து, அப்புறம் ஸ்பாஞ்ச், கடைசியில் மீன். கேனிஸ்டரில் புது மீடியா போட்டிருந்தாலும் அந்த ஸ்பாஞ்சுகளை ஆறு வாரம் எடுக்காதீர்கள். முதல் இரண்டு வாரம் தினமும் அம்மோனியாவும் நைட்ரைட்டும் சோதியுங்கள்.

எனக்கு ஆன செலவு

பிளாஸ்டிக் தொட்டி 3,200 ரூபாய். குட்டி யானை இரண்டு நடை 2,800. தூக்க நாலு ஆள், ஆளுக்கு 700 வீதம் இரண்டு நாள், 5,600. ஸ்பாஞ்ச் ஃபில்டரும் அதற்கான பம்ப்பும் 1,100, பேட்டரி பம்ப் 650, சோதனை கிட் 1,500, சிலிகான் 400, தெர்மோகோல் 250, குளோரின் நீக்கும் மருந்து 100. ஆக 15,600 ரூபாய். ஆட்கூலியில் பேரம் பேசலாம், ஆனால் ஆள் எண்ணிக்கையில் பேசாதீர்கள், நாலு பேர் வேண்டும். தூக்கிப்போட்ட மீடியாவுக்குப் பதில் புதிதாக வாங்கியதை இதில் சேர்க்கவில்லை, அது என் மறதிக்குக் கொடுத்த அபராதம்.

செலவுக்கும் அலைச்சலுக்கும் பயந்து “ஏரியில விட்டுடலாமே” என்று யாராவது சொல்வார்கள். சக்கர் ஏற்கெனவே நம் ஏரி குளங்களில் பெருகி மீனவர் வலையைக் கிழித்துக்கொண்டிருக்கிறது. முடியவில்லை என்றால் கடையில் திருப்பிக் கொடுங்கள், சும்மாவாவது வாங்கிக்கொள்வார்கள்.

பிளாஸ்டிக் தொட்டியை உடனே யாருக்கும் கொடுத்துவிடாதீர்கள். திரும்ப வைத்த தொட்டி ஒரு மாதம் கசியாமல் நிற்கும்வரை அது பால்கனியில் இருக்கட்டும். எங்கள் வீட்டில் அதில் இப்போது அம்மா அல்லி வைத்திருக்கிறார்.